இது எந்த ஊர் எழுத்து? – கணினி கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களை மேசையில் பரப்பிப் பார்த்தால் பாதிக்குப் பாதி ஒரே முறைப்பாடுதான்: தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ கிறுக்கல் தெரிகிறது, என்ன செய்ய? ஆகவே பிரின்டர் மை பற்றியும் வைஃபை வேகம் பற்றியும் கேட்டவர்கள் அடுத்த மாதம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு விஷயம், கிறுக்கலை அப்படியே அச்சில் போடச் சொன்னால் பக்கம் அமைக்கும் தம்பி என்னோடு சண்டைக்கு வருவார். அதனால் எழுத்துகளைப் பெயர் சொல்லியே எழுதுகிறேன், வேண்டுமானால் ஒரு கடதாசியில் எழுதிப் பார்த்துக்கொண்டே வாசியுங்கள்.

கேள்வி: என் அப்பா தமிழ் ஆசிரியர். 2003, 2004 அளவில் தானே டைப் பண்ணி ஒரு சீடியில் போட்டு வைத்த கட்டுரைகள், அவர் போன பிறகு இப்போதுதான் கைக்குக் கிடைத்தன. திறந்தால் எல்லாம் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக இருக்கிறது. ஒரு கடையில் காட்டினேன், "வைரஸ் அக்கா, அழிச்சு விடுங்கோ" என்றார்கள். ஒரு தலைப்பில் இருப்பதைப் பார்த்து எழுதுகிறேன்: காற்புள்ளி, வை, கியூ, அரைப்புள்ளி, ஐ, எஃப். இதில் ஏதாவது மீளுமா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: எதையும் அழிக்காதீர்கள். நீங்கள் எழுதி அனுப்பிய அந்த ஆறு அடையாளமும் சேர்ந்து 'இலங்கை' என்ற சொல்.

எப்படி என்று பாருங்கள். காற்புள்ளி என்றால் இ. சின்ன வை, ல. சின்ன கியூ, ங. அரைப்புள்ளி என்பது நாம் மெய்யெழுத்தின் தலையில் வைக்கும் புள்ளி, ஆக ங். அடுத்து வரும் ஐ, ஐகாரத்துக்கு முன்னால் போடும் கொம்பு. கடைசி எஃப், க. கொம்பு முன்னுக்கும் க பின்னுக்குமாகச் சேர்ந்தால் கை. உங்கள் அப்பா பாமினியில் எழுதியிருக்கிறார், அந்தக் காலத்தில் இலங்கையில் கணினியில் தமிழ் எழுதியவர்களில் முக்கால்வாசிப் பேர் அதில்தான் எழுதினார்கள், நானும்தான்.

இங்கே எதுவும் கெட்டுப்போகவில்லை. கோப்புக்குள் இருப்பது நிஜமாகவே ஆங்கில எழுத்துதான், ஆங்கில ஜேயை வரைய வேண்டிய இடத்தில் த வரைந்து காட்டுவதுதான் பாமினி என்ற எழுத்துருவின் வேலை. வேஷம் போட்ட கூத்துக்காரன் மாதிரி. உங்கள் புதுக் கணினியில் பாமினி இல்லை, வேஷம் கலைந்து ஆள் தெரிகிறான், அவ்வளவுதான். தமிழ்த் தட்டச்சு பழகியவர்களுக்கு இன்னும் சுலபமாக விளங்கும்: இடது கையின் நாலு விரலும் வைக்கும் ய, ள, ன, க என்ற சாவிகளில்தான் ஆங்கில விசைப்பலகையில் ஏ, எஸ், டி, எஃப் இருக்கின்றன, பாமினியிலும் அவை அதே ய, ள, ன, க. பழைய தட்டச்சுப் பொறியின் ஒழுங்கைப் பெரும்பாலும் அப்படியே கணினிக்குள் இறக்கிவிட்டார்கள்.

பாமினியை அடையாளம் காண எனக்கு அரை நிமிஷம் போதும். சொல்லின் நடுவில் அரைப்புள்ளி, ஒரு வரியில் ஏழெட்டு. சொல்லின் தொடக்கத்தில் காற்புள்ளி, ஏனென்றால் அது இ. உண்மையான காற்புள்ளி வர வேண்டிய இடத்தில் 'இதைவிடப் பெரியது' என்று கணக்கில் போடுவோமே அந்தக் குறி. அப்புறம் சொல்லின் நடுவே திடீரென்று பெரிய எழுத்து, ஏனென்றால் சின்ன ஜி ப என்றால் பெரிய ஜி பு, சின்ன கே ம என்றால் பெரிய கே மு. நம் ஊர்ப் பெயரையே பாருங்கள்: என், எஃப், எச், பெரிய ஓ, கே, அரைப்புள்ளி, பெரிய ஜி. கொம்பு, க, கால், ழு, ம், பு. கொழும்பு!

இனி செய்ய வேண்டியது. சீடியில் இருப்பதை முதலில் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள், பழைய சீடிகள் சொல்லாமல் போய்விடும். பாமினி எழுத்துருவைக் கணினியில் நிறுவி, வேர்டில் திறந்து, எல்லாவற்றையும் தெரிவு செய்து பாமினியைக் கொடுங்கள். வாசிக்க முடிந்தால் சந்தேகம் தீர்ந்தது. அதற்குப் பிறகுதான் பாமினியிலிருந்து யுனிகோடுக்கு, அதாவது இப்போது கணினியும் கைபேசியும் பாவிக்கும் பொது எழுத்துமுறைக்கு, மாற்றும் கருவியில் போட வேண்டும், அப்படியான கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன.

மாற்றிய பிறகு ஒருமுறை வாசித்தே ஆக வேண்டும். மூன்று இடத்தில் கால் தடக்கும். ஒன்று, வேர்ட் தன் பாட்டுக்கு வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிதாக்கும் பழக்கம் கொண்டது. அது ஆங்கிலம் என்று நினைத்து ஜேயைப் பெரிதாக்கினால் தமிழ் 'துமிழ்' ஆகிவிடும். வாக்கியத் தொடக்கங்களில் தேவையில்லாத உகரம் தென்பட்டால் அது உங்கள் அப்பாவின் பிழை அல்ல. இரண்டு, அவர் இடையில் உண்மையான ஆங்கிலச் சொல் எழுதியிருந்தால் கருவி அதையும் தமிழாக்கும், 'த' என்று உச்சரிக்கும் அந்த டி, எச், ஈ மூன்றெழுத்துச் சொல் 'வாந' என்று வரும். வேர்ட் கோப்பாக இருந்தால் எந்தத் துண்டு எந்த எழுத்துரு என்று உள்ளே குறித்திருக்கும், அந்த விபரத்தைப் பார்த்து மாற்றும் கருவியைத் தேடுங்கள், வெறும் எழுத்தாக வெட்டி ஒட்டினால் அந்த விபரம் போய்விடும்.

மூன்றாவதுதான் பொல்லாதது. பாமினியில் ஔகாரத்தின் பின்பாதிக்குத் தனிச் சாவி கிடையாது, ள எழுத்தையே போடுவார்கள். ஆக கௌரவம் என்ற சொல் கொம்பு, க, ள என்றுதான் கோப்பில் கிடக்கும், கருவிக்கு அது 'கெள' என்ற இரண்டு எழுத்தா 'கௌ' என்ற ஓரெழுத்தா என்று தெரிய வழியில்லை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் தேடினால் அகப்படாது. இன்றைக்கும் இணையத்தில் 'கெளரி', 'கெளதமன்' என்று கனக்கப் பார்க்கலாம், அதற்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு பழைய பாமினிக் கோப்பு இருக்கும்.

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஒரு மென்பொருளிலிருந்து பெயர்ப் பட்டியலைச் சிஎஸ்வி கோப்பாக எடுத்து எக்செலில் திறந்தேன். தமிழ்ப் பெயரெல்லாம் தலையில் கோடு போட்ட ஏயும், வட்டத்துக்குள் ஆர் போட்ட வியாபாரக் குறியுமாக வருகிறது. சிங்களப் பெயர்களும் கெட்டிருக்கின்றன, ஆனால் வேறு மாதிரி. ஐ.டி. பிரிவில் கேட்டால் "உங்கட எக்செலில்தான் பிரச்சினை" என்கிறார்கள்.
– முகாமைத்துவ உதவியாளர், கொள்ளுப்பிட்டி

பதில்: ஐ.டி. பிரிவு சொல்வது பாதி சரி. கோப்பு நல்ல கோப்பு, யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில், அதாவது யுனிகோட் எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் ஒரு முறையில் இருக்கிறது. அந்த விபரத்தைச் சொல்லும் முத்திரை கோப்பின் தலையில் இல்லாததால் எக்செல் அதை மேற்கத்திய எழுத்து என்று எடுத்துக்கொண்டு விண்டோஸ்-1252 அட்டவணையின்படி வாசிக்கிறது. பட்டியலைக் கொடுக்கும் அந்த மென்பொருள் முத்திரையோடு கொடுத்திருந்தால் உங்களுக்கு இந்தத் தலையிடியே வந்திராது, அதனால்தான் பாதி.

யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ் எழுத்தும், ஒவ்வொரு குறியும், மூன்று மூன்று பைட், பைட் என்றால் 0 முதல் 255 வரையான ஓர் எண். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். த என்றால் 224, 174, 164. இதை மேற்கத்திய அட்டவணையில் பார்த்தால் 224 இடப்பக்கம் சாய்ந்த கோடு போட்ட சின்ன ஏ, 174 அந்த ® குறி, 175 மேலே ஒரு சின்னக் கிடைக்கோடு. அதனால்தான் கோடு போட்ட ஏ, வட்ட ஆர், ஏதோ ஒன்று, கோடு போட்ட ஏ, வட்ட ஆர், ஏதோ ஒன்று என்று தாளம் போட்ட மாதிரி வருகிறது. சிங்களமும் 224இல்தான் தொடங்கும், ஆனால் இரண்டாவது பைட் 182 அல்லது 183. அது ¶ என்ற பந்திக் குறியாகவும் நடுவில் நிற்கும் ஒற்றைப் புள்ளியாகவும் தெரியும். ஆக வட்ட ஆர் தெரிந்தால் தமிழ், பந்திக் குறி தெரிந்தால் சிங்களம். இரண்டு மொழியும் தெரியாதவர்கூடக் கொழும்பில் இருந்துகொண்டு இந்தக் குப்பையை இரண்டாகப் பிரித்துவிடலாம்.

திருத்துவது சுலபம். இரட்டைச் சொடுக்கில் திறக்காதீர்கள். வெறும் எக்செலைத் திறந்து 'டேட்டா' பகுதியில் 'ஃப்ரம் டெக்ஸ்ட் / சிஎஸ்வி' என்பதைக் கொடுத்து, 'ஃபைல் ஒரிஜின்' என்ற இடத்தில் 65001 என்ற எண்ணுள்ள யுனிகோட் யூடிஎஃப்-8ஐத் தெரிவு செய்யுங்கள். லிப்ரே ஆபிஸ் என்றால் திறக்கும்போதே அதுவே கேட்கும், இந்த விஷயத்தில் எனக்கு அதைத்தான் பிடிக்கும்.

தயவுசெய்து, கெட்டுத் தெரியும் நிலையில் சேமிக்காதீர்கள். சேமித்தால் என்ன நடக்கும் என்று கொஞ்சம் விபரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் ஆட்கள் அதிகம் மாட்டுப்படுகிறார்கள். விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடம் காலி: 129, 141, 143, 144, 157. தமிழின் புள்ளி எது என்றால் 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. உயிரெழுத்து ஏயின் கடைசி பைட் 143, ஐயின் கடைசி பைட் 144. நம்முடைய கெட்ட காலத்துக்கு மிக அதிகமாக வரும் புள்ளியும் உகரமும் சரியாக அந்தக் காலி இடங்களில் போய் விழுகின்றன. சில மென்பொருள்கள் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத குறியாக வைத்துக்கொள்ளும், சில தூக்கி எறிந்துவிடும், வெட்டி ஒட்டும்போதும் காணாமல் போகும். பிறகு நீங்கள் என்னதான் திருப்பி மாற்றினாலும் புள்ளியும் உகரமும் இல்லாத தமிழ்தான் வரும், அதற்கு ஓலைச்சுவடி வாசிக்கத் தெரிந்தவர் தேவை.

இன்னும் ஒரு படி மேலே போய், தலையில் அலைக்கோடு போட்ட பெரிய ஏயும் தொப்பி போட்ட பெரிய ஏயும் மாறி மாறி வருகிறதா? அப்படியானால் யாரோ ஒருவர் குப்பையையே மறுபடி யூடிஎஃப்-8 ஆக்கிச் சேமித்திருக்கிறார். இரண்டு முறை முடிச்சுப் போட்டதை இரண்டு முறைதான் அவிழ்க்க வேண்டும்.

கேள்வி: கோப்பின் அளவைப் பார்த்தே எந்தக் குறியாக்கம் என்று சொல்லலாம் என்று ஒரு நண்பர் சொல்கிறார். உண்மையா?
– ஆசிரியர், வத்தளை

பதில்: முழுதாக இல்லை, ஆனால் நல்ல துப்பு. 'தமிழ்' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துப் பாருங்கள். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியாக்கத்தில் 4 பைட், ஏனென்றால் அதில் ழ் என்பதற்கே தனி இடம் உண்டு. பாமினியில் 5: ஜே, கே, பி (p), ஓ, அரைப்புள்ளி. யுனிகோடின் இன்னொரு வடிவமான யூடிஎஃப்-16இல் 10. யூடிஎஃப்-8இல் 15. அந்த இரட்டை முடிச்சுக் கோப்பில் 30. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய எத்தனை எழுத்து இருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்தால் வகுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

கேள்வி: எங்களுடைய சங்க உறுப்பினர் தரவில் தமிழில் இருந்ததெல்லாம் வெறும் கேள்விக்குறியாகி விட்டது. பெயர், முகவரி, மாவட்டம் எல்லாம். எப்படி மீட்பது?
– செயலாளர், மட்டக்குளி

பதில்: மன்னிக்க வேண்டும், இது மட்டும் மீளாது. முதல் இரண்டு கடிதத்திலும் ஆள் உயிரோடு இருக்கிறான், வேறு உடுப்பில் இருக்கிறான். இதில் ஆள் இல்லை. தமிழே இல்லாத ஓர் அட்டவணையில் தமிழைச் சேமிக்கச் சொன்னால் கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டு அசலை எறிந்துவிடும். மைஎஸ்கியூஎல் தரவுத்தளங்களில் இது அடிக்கடி நடந்தது, 8.0 பதிப்புக்கு முன்னர் அதன் இயல்பான அட்டவணையே மேற்கத்தியதுதான். கறுப்பு டயமண்டுக்குள் வெள்ளைக் கேள்விக்குறி தெரிந்தால் கதை கொஞ்சம் வேறு, அது வாசிக்கத் தெரியாமல் முழிக்கும் அடையாளம், அசல் கோப்பு இன்னும் நன்றாக இருக்கக்கூடும்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. ஒரு மலருக்கான கட்டுரைகளை நோட்பேடில் வைத்திருந்தேன். சேமிக்கும்போது "இந்தக் கோப்பில் யுனிகோட் எழுத்துகள் இருக்கின்றன, இப்படிச் சேமித்தால் அவை அழிந்துவிடும்" என்று ஒரு பெட்டி ஆங்கிலத்தில் வந்தது. மின்சாரம் போய்விடுமோ என்ற அவசரத்தில் சரி என்று அமத்திவிட்டேன். நூற்றுச் சொச்சம் பக்கம் கேள்விக்குறி! மலர்க் குழுவில் இருந்த ஐயா ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, வாசகர்கள் கேள்வி கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன், இவ்வளவு கேள்வி வேண்டாம்" என்றார். திரும்ப டைப் பண்ண மூன்று கிழமை எடுத்தது. இப்போதைய நோட்பேட் 2019இலிருந்து தானாகவே யூடிஎஃப்-8இல் சேமிக்கிறது, நல்ல காலம்.

உங்களுக்கு ஒரேயொரு சின்ன வழி இருக்கிறது, மாவட்டத்துக்கு மட்டும். கேள்விக்குறிகளின் எண்ணிக்கை மிஞ்சியிருக்கிறது அல்லவா? மாவட்டம் மொத்தம் 25தான். யுனிகோடில் குறிகளையும் சேர்த்து எண்ணினால் காலி 4, கண்டி 5, கொழும்பு 8, களுத்துறை 9, யாழ்ப்பாணம் 11. எண்ணிக்கையை வைத்து எந்தெந்த மாவட்டமாக இருக்கலாம் என்று சுருக்கிவிடலாம். ஆனால் ஒரே எண்ணிக்கையில் பல மாவட்டம் வரும், மாத்தளையும் மாத்தறையும் இரண்டுமே 7, அங்கே தொலைபேசி எடுத்துத்தான் கேட்க வேண்டும். பெயருக்கும் முகவரிக்கும் பழைய பிரதி யாரிடமாவது இருக்கிறதா என்று தேடுங்கள், மின்னஞ்சலில் யாருக்காவது அனுப்பிய இணைப்பு ஒன்று கிடைத்தாலே பெரிய உதவி.

கேள்வி: அம்மம்மாவின் பழைய கைபேசியில் தமிழ் வெறும் பெட்டி பெட்டியாகத் தெரிகிறது.
– மாணவி, தெஹிவளை

பதில்: அது எழுத்துரு இல்லாத குறை, எழுத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே குறுஞ்செய்தியை உங்கள் கைபேசிக்கு அனுப்பிப் பாருங்கள், ஒழுங்காக வரும். அம்மம்மாவுக்கு வேறு கைபேசி வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் அச்சகத்துக்கு ஒரு பழைய கோப்பு வந்திருக்கிறது. பாமினி போட்டுப் பார்த்தேன், வரவில்லை. ஆங்கில எழுத்தாகவும் இல்லை, மேலே கீழே கோடு போட்ட பிரெஞ்சு எழுத்து மாதிரி. தந்தவருக்கும் ஒன்றும் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?
– அச்சக உரிமையாளர், கொட்டாஞ்சேனை

பதில்: கோப்பைப் பார்க்க முன்னர் கோப்பு வந்த வழியைக் கேளுங்கள். எந்த நாடு, எந்த ஆண்டு, எந்த மென்பொருள்? 1990களின் கடைசியிலும் 2000களின் முதல் பாதியிலும் வெளிநாட்டுத் தமிழர் மின்னஞ்சல் வழியாகப் புழங்கியது என்றால் திஸ்கியாக இருக்கலாம். தமிழ்நாட்டு அலுவலகம் அல்லது பதிப்பகம் என்றால் டாப், டாம் இரண்டில் ஒன்றாக இருக்க வாய்ப்பு உண்டு, 1999இல் சென்னையில் நடந்த மாநாட்டுக்குப் பிறகு அந்த அரசு ஏற்றுக்கொண்டவை அவை. திஸ்கியைக் கண்டுபிடிக்க ஒரு சொல் தருகிறேன், மனதில் வைத்திருங்கள்: முக்கால் என்ற பின்னக் குறி, சாய்ந்த கோடு போட்ட பெரிய ஏ, சென்ட் குறி, கோடு போட்ட சின்ன யூ. அதுதான் 'தமிழ்'. கோப்பில் அந்த நாலும் சேர்ந்து ஓரிடத்தில் கிடந்தால் வேலை முடிந்தது. இன்னொரு வித்தியாசம், திஸ்கியில் ஆங்கிலச் சொற்களும் எண்களும் கெடாமல் அப்படியே இருக்கும், தமிழ் மட்டும்தான் பிரெஞ்சுக்காரன் மாதிரித் தெரியும்.

எதுவும் பொருந்தவில்லை என்றால் கையால் உடைக்க வேண்டியதுதான். எனக்கு இந்த வேலை பிடிக்கும், ஞாயிற்றுக்கிழமை குறுக்கெழுத்துப் போடுகிறவர்களுக்கும் பிடிக்கும். தமிழில் மிக அதிகமாக வரும் அடையாளங்களில் ஒன்று புள்ளி. ஆகவே கோப்பில் எந்த அடையாளம் அதிகம் வருகிறது என்று எண்ணுங்கள். சந்தேகத்துக்குரிய அந்த அடையாளத்துக்கு முன்னும் பின்னும் ஒரே எழுத்து அடிக்கடி வருகிறதா என்று பாருங்கள்: க்க, த்த, ப்ப, ட்ட, ம்ம. வந்தால் அது பெரும்பாலும் புள்ளிதான். அதோடு சொல்லின் தொடக்கத்தில் அது வராது. புள்ளி கிடைத்ததும் சொல்லின் கடைசியைப் பாருங்கள், அங்கே புள்ளியோடு நிற்பவை பெரும்பாலும் ம், ன், ல், ர், ள். பிறகு கோப்பில் கட்டாயம் இருக்க வேண்டிய ஒரு சொல்லைத் தேடுங்கள், எழுதியவர் பெயர், ஊர்ப் பெயர், 'முன்னுரை'. அது கிடைத்தால் ஏழெட்டு எழுத்து ஒரேயடியாக விழும், மீதி அதோடு சேர்ந்து வந்துவிடும். புள்ளிக்கென்று தனி அடையாளமே அகப்படவில்லை என்றால் மெய்யெழுத்துகளுக்குத் தனித்தனி இடம் கொடுத்த முறை அது, திஸ்கி மாதிரி. அதுவும் ஒரு துப்புத்தான்.

நோட்பேட் பிளஸ் பிளஸ் பாவிக்கிறவர் என்றால் ஓர் எச்சரிக்கை. அதன் 'என்கோடிங்' பட்டியலில் மேலே இருப்பவை கோப்பை வாசிக்கும் விதத்தை மட்டும் மாற்றும், 'கன்வர்ட்' என்று தொடங்குபவை கோப்பையே மாற்றி எழுதிவிடும். கண்டுபிடிக்கும் வரை கன்வர்ட் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: ஒரு பழைய அறிவித்தல் பிடிஎஃப் ஆக இருக்கிறது. திரையில் அழகான தமிழ். ஒரு பந்தியைப் பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கிலக் குப்பை.
– சட்டத்தரணியின் எழுதுவினைஞர், புதுக்கடை

பதில்: பிடிஎஃபுக்குள் பாமினி எழுத்துருவும் சேர்ந்து வந்திருக்கிறது, அதனால் பார்வைக்குத் தமிழ். பிரதி எடுக்கும்போது எழுத்துரு கூட வராது. ஒட்டியதில் எஃப், வை, அரைப்புள்ளி, டி (t), பி (p) என்று ஓரிடத்தில் வந்தால் அது 'கல்வி', முதல் கடிதத்துக்குச் சொன்ன கருவியே போதும். சிங்களப் பிரதியும் கையில் இருந்தால் அதிலும் இதே கூத்துத்தான், அங்கே பாமினிக்குப் பதில் எஃப்எம் அபய என்ற எழுத்துரு: 'ஸ்ரீ' என்ற சொல் பெரிய வை, வீதக் குறி, பெரிய எஸ் என்று ஒட்டும்.

ஒட்டியது பாமினிக்கும் பொருந்தாமல், ஒரே சொல் பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாகவும் வந்தால் அந்த பிடிஎஃபைச் செய்த மென்பொருள் தன் இஷ்டத்துக்கு எண் கொடுத்திருக்கிறது. அதை உடைக்க நேரம் செலவழிக்காதீர்கள். பக்கத்தைப் படமாக எடுத்து எழுத்து வாசிக்கும் மென்பொருளிடம் கொடுங்கள், டெசராக்ட் தமிழும் வாசிக்கும், சிங்களமும் வாசிக்கும், இலவசம். வழக்கு இலக்கமும் திகதியும் மட்டும் கண்ணால் ஒருமுறை சரிபாருங்கள்.

கேள்வி: இவ்வளவும் நாம் ஏன் செய்ய வேண்டும்? கணினியே கண்டுபிடிக்கக் கூடாதா?
– பல்கலைக்கழக மாணவர், பம்பலப்பிட்டி

பதில்: முயற்சி செய்கிறது, சில நேரம் கேவலமாகத் தோற்கிறது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நோட்பேடில் ஆங்கிலத்தில் 'புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ்' (புஷ் உண்மைகளை மறைத்தார்) என்று மட்டும் எழுதிச் சேமித்து மறுபடி திறந்தால் சீன எழுத்து வரும், அல்லது பெட்டிகள். அமெரிக்க ஜனாதிபதியைக் காப்பாற்றும் சதி என்றுகூடச் சிலர் கதை கட்டினார்கள். நடந்தது இதுதான்: அந்தச் சின்னக் கோப்பில் இருந்த பைட்களை இரண்டிரண்டாகச் சேர்த்தால் சீன எழுத்து மாதிரித் தெரிய, நோட்பேட் அதை யூடிஎஃப்-16 என்று ஊகித்துவிட்டது. கோப்பு சின்னதாக இருந்தால் ஊகம் பிழைக்கும்.

யூடிஎஃப்-8 மட்டும் விதிவிலக்கு, அதன் அமைப்பே தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ளும். 224 வந்தால் அதன் பின்னால் 128க்கும் 191க்கும் இடைப்பட்ட இரண்டு பைட் கட்டாயம் வர வேண்டும். ஒரு முழுக் கோப்பு இந்த விதியைத் தற்செயலாக எங்கும் மீறாமல் இருப்பது நடக்காத காரியம். அதனால் யார் என்ன கோப்புத் தந்தாலும் நான் முதலில் யூடிஎஃப்-8ஆ என்றுதான் பார்ப்பேன். திஸ்கிக்கும் விண்டோஸ்-1252க்கும் அப்படி விதி இல்லை, பைட்கள் எந்த ஒழுங்கிலும் வரலாம். பாமினி இன்னும் மோசம், எந்தக் கருவியிடம் கொடுத்தாலும் "இது சுத்தமான ஆங்கிலம்" என்று சத்தியம் பண்ணும்.

கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன், இந்தக் கிறுக்கலுக்கு ஜப்பானியர் வைத்த பெயர் மோஜிபாகே. மோஜி என்றால் எழுத்து, பாகே என்றால் உருமாறுவது, பேய்க்கதைகளில் நரி பெண்ணாக மாறுமே அந்த உருமாற்றம்.

கேள்வி: 2006இல் கனடாவிலிருந்து என் தம்பி அம்மாவுக்கு அனுப்பிய மின்னஞ்சல் ஒன்றை அப்போதே அச்செடுத்து வைத்திருந்தோம். யாராலும் வாசிக்க முடியவில்லை, தூக்கி எறியவும் மனமில்லை. முதல் வரியை அப்படியே எழுதுகிறேன்: 4, பெரிய கே, 6, பெரிய எஃப். 4, பெரிய கே, 6, சின்ன யூ. 4, பெரிய கே, கூட்டல் குறி, பெரிய என். 4, பெரிய கே, 6, சின்ன யூ. 4, பெரிய கே, 6, கூட்டல் குறி. அம்மா இப்போதும் அதைக் கேட்கிறா.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: இது குறியாக்கக் கோளாறு அல்ல, மின்னஞ்சல் பயணம் போகும்போது போட்டுக்கொள்ளும் மேலுறை. பேஸ்-64 என்று பெயர். மூன்று பைட்டை நாலு எழுத்தாக மாற்றி அனுப்புவார்கள், வாங்கும் பக்கம் அதைப் பிரிக்க வேண்டும், உங்கள் அஞ்சல் மென்பொருள் பிரிக்காமலே காட்டிவிட்டது. யூடிஎஃப்-8இல் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் மூன்று பைட் என்று மேலே சொன்னேன் அல்லவா, அதனால் ஓர் எழுத்துக்குச் சரியாக ஒரு நாலு. 224 எப்போதும் முதலில் வருவதால் எல்லா நாலும் 4, கே என்று தொடங்குகிறது. இடைவெளி வந்ததும் ஒழுங்கு ஒரு படி நகர்ந்து வேறு மாதிரித் தெரியும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

4, கே, 6, எஃப் என்பது 224, 174, 133, அதாவது அ. 4, கே, 6, சின்ன யூ, ம. 4, கே, கூட்டல், என், புள்ளி. மறுபடி ம. கடைசி நாலு, கால். 'அம்மா' என்று தொடங்குகிறது. அச்சுத் தாளை வடிவாக ஸ்கேன் பண்ணி, எழுத்தாக்கி, பேஸ்-64 பிரிக்கும் எந்தக் கருவியிலும் போடுங்கள், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பூச்சியமும் ஓவும் குழப்பும், ஒன்றும் எல்லும் குழப்பும், அந்த இடங்களை மட்டும் இரண்டு விதமாகவும் போட்டுப் பாருங்கள். நீங்கள் அனுப்பியது ஒரு வரிதான், மீதிக் கடிதம் அம்மாவுக்கு வந்தது, அதை அவவுக்கு நீங்களே வாசித்துக் காட்டுங்கள்.